எடது காலை எடுத்து வை மாமா

மண்ணூர்பேட்டைத் தோட்டக்கால் பக்கம் தாட்சாயிணியைத் தெரியாதவர் கிடையாது. அழகுக்காகவோ ஆஸ்திக்காகவோ இல்லை. ரெண்டுமே அவளிடம் அளவோடுதான் இருந்தன. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏற்றத்துக்குச் சால் பிடித்த ஒரே பெண்பிள்ளை அவள். அதனால் தெரியும்.

ஏற்றம் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிணற்றங்கரையில் ஆளுயரத்துக்கு மேலே தூண் நட்டு, அதன் தலையில் நீளமான துலா மரத்தைக் கிடையாகப் போட்டிருப்பார்கள். ஒரு ஆள் அந்த மரத்தின்மேல் ஏறி முன்னும் பின்னுமாக நடக்க வேண்டும். முன்னால் நடந்தால் அதன் முனையில் தொங்கும் சால், அதாவது தண்ணீர் வாளி, கிணற்றுக்குள் இறங்கும். பின்னால் நடந்தால் தண்ணீரோடு மேலே வரும். கீழே நிற்கிற ஆள் சாலைப் பிடித்துக் கவிழ்த்துவிட்டு எண்ணிக்கை சொல்லுவார். மேலே நடக்கிறவருக்குக் கண் எங்கே இருந்தாலும் காது கீழேதான் இருக்க வேண்டும். குரல் வந்தால் கால் நகரும், குரல் வராமல் நகரக் கூடாது. தப்பினால் எலும்பு மிஞ்சாது.

மேலே நடந்தவர் தாட்சாயிணியின் புருஷன் உலகநாதன். கீழே சால் பிடித்துக்கொண்டிருந்தது அவருடைய அண்ணன். அண்ணன் பெரம்பூர் பக்கம் மில் வேலைக்குப் போய்விட்டதும் கூலிக்கு ஆள் வைக்க வக்கில்லை. தாட்சாயிணி புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய்ச் சாலைப் பிடித்தாள். ஊர் சும்மா இருக்குமா? பொண்டாட்டி எண்ணச் சொன்னால் எண்ணுகிறான், நடக்கச் சொன்னால் நடக்கிறான் என்று சிரித்தது. உலகநாதன் அதற்கெல்லாம் பதில் சொல்லுகிற ரகம் இல்லை. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் கிணற்றிலிருந்து பத்துச் சால் வாங்கிவிடலாம்.

அப்படிப் பதினாலு வருஷம். விடியலில் ஆரம்பித்து வெயில் ஏறுகிற வரைக்கும் கீழே அவள் குரல், மேலே அவர் கால். கத்திரியும் கீரையும் விளைந்து கொத்தவால்சாவடிச் சந்தைக்குப் போயின. கைக்குழந்தையாக இருந்த மகள் வரலட்சுமி வளர்ந்து கல்யாணத்துக்கு நின்றாள். இந்தப் பதினாலு வருஷத்தில் உலகநாதன் ஒரு தடவைகூட மரத்தின்மேல் தடுமாறியதில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, புரட்டாசி மாதம். காலை வேலை முடிந்து இறங்கிவந்து கூழ்ச் சட்டியைத் தூக்கிக் குடித்தார். குடித்த கூழ் வலது கடைவாய் வழியாக மார்பில் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை எழும்பவில்லை. தாட்சாயிணி ஓடிவந்து பிடிப்பதற்குள் உட்கார்ந்த வாக்கிலேயே சரிந்துவிட்டார். பாரிச வாயு அடித்துவிட்டது என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே மூச்சில் போயின.

உலகநாதனின் அக்கா பொன்னம்மாள் திருமழிசையிலிருந்து வந்து சேர்ந்தாள். கைம்பெண், பிள்ளைகுட்டி இல்லை, தம்பிதான் அவளுக்கு உலகம். அழுது முடித்த கையோடு வைத்தியத்தில் இறங்கினாள். புறாவை அறுத்து அதன் சூட்டு ரத்தத்தைக் காலில் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தார்கள். ஒரு வைத்தியர் காய்ச்சிக் கொடுத்த எண்ணெயை இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் தினம் காலையில் நீவச் சொன்னாள். நீவினார்கள். ஒரு மாதம் கழித்து உலகநாதனுக்கு ஒரே ஒரு வார்த்தை திரும்பி வந்தது. "செரி."

அந்த ஒரு வார்த்தைக்குத் தாட்சாயிணி முருகனுக்குத் தேங்காய் உடைத்தாள். ரெண்டு நாள் போனதும்தான் விஷயம் புரிந்தது. பசிக்கிறதா என்றால் செரி. பசிக்கவில்லையா என்றாலும் செரி. வலிக்கிறதா, செரி. நான் செத்துப்போகட்டுமா என்று ஒரு நாள் எரிச்சலில் கேட்டுவிட்டாள், அதற்கும் செரி. அவர் முகத்தைப் பார்த்தால் உள்ளே ஆயிரம் பேச்சு இருப்பது தெரிகிறது. வெளியே வரும்போது எல்லாம் அந்த ஒரே சொல்லாகிவிடுகிறது. தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர அவளால் என்ன செய்ய முடியும்?

கார்த்திகையில் தடி ஊன்றி எழுந்து நின்றார். நின்ற அன்றே விழுந்தார். கண்ணேறு என்றாள் பொன்னம்மாள், உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். தாட்சாயிணி மட்டும் அவர் விழுந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். சாணம் மெழுகிய தரையில் ஒரு பாதம் வழுக்கிக்கொண்டு போன தடம் எண்ணெய்ப் பளபளப்போடு கிடந்தது.

"கண்ணேறு இல்ல அண்ணி. எண்ணெ," என்றாள்.

அன்றிலிருந்து கணுக்காலுக்குக் கீழே எண்ணெய் கிடையாது. பாதத்தில் தடவாவிட்டால் வாயு இறங்காது என்று பொன்னம்மாள் ஒரு பாட்டம் அழுதாள். தாட்சாயிணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் ஒவ்வொரு தடவை விழும்போதும் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, விழுந்த இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து பார்ப்பாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டு அவர் சட்டென்று திரும்பினால் உடம்பு திரும்புகிறது, வலது கால் திரும்புவதில்லை என்று கண்டுபிடித்தாள். அவரைப் பின்னாலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது என்று சட்டம் போட்டாள். வேட்டி நுனி கால் விரலில் மாட்டுகிறது என்று தெரிந்ததும் முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிவிட்டாள். விடியற்காலையில் அடக்க முடியாமல் கொல்லைக்கு அவசரமாக எழுகிறபோது விழுகிறார் என்று தெரிந்ததும், அவருக்கு முன்னாலேயே எழுந்து எழுப்பினாள். கட்டிலிலிருந்து கொல்லை வரைக்கும் இடுப்பு உயரத்துக்கு ஒரு தாம்புக் கயிறு கட்டினாள். கிணற்றில் சும்மா கிடந்த கயிறுதான். அது இனி எதற்கு உதவப் போகிறது?

அம்பத்தூர் தர்மாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஜேசுராஜ் ஒரு நாள் சைக்கிளில் வந்து பார்த்தார். நல்ல மனுஷர். கயிற்றைப் பார்த்தார், மடித்த வேட்டியைப் பார்த்தார், இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்.

"உழுந்தவருதான் சொல்லிக் குடுத்தாரு," என்றாள் தாட்சாயிணி.

கம்பவுண்டர் சிரிக்கவில்லை. அவளைத் தனியாக வாசலுக்குக் கூட்டிவந்து, இதுவரைக்கும் விழுந்ததெல்லாம் சாமி புண்ணியத்தில் தோலோடு போயிற்று என்றார். "இடுப்பெலும்பு முறிஞ்சா வைத்தியமே கெடையாதும்மா. படுத்த படுக்கைதான். அப்படிப் படுத்தவங்க ஆறு மாசம் தாங்கி நான் பார்த்ததில்ல. இன்னொரு தடவை உழாம பார்த்துக்கோ."

இன்னொரு தடவை விழாமல். தாட்சாயிணிக்கு வாழ்க்கையில் அதற்கப்புறம் வேறு வேலை இல்லை. மார்கழி, தை, மாசி என்று மாதங்கள் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததிலேயே போயின.

நடக்க வைக்கிற வித்தையும் அவளுக்குத்தான் பிடிபட்டது. நடங்கள் என்றால் அவருக்கு எந்தக் காலை முதலில் எடுப்பதென்று குழம்பியது. ஒரு நாள் அவளை அறியாமல் ஏற்றத்து ராகத்தில் "ஒண்ணு" என்றாள். தடி முன்னால் வந்தது. "ரெண்டு" என்றாள், நல்ல காலான இடது கால் வந்தது. "மூணு" என்றாள், செத்த கால் இழுத்துக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தது. தாட்சாயிணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நாக்குக்குப் பாஷை மறந்துபோனாலும் காலுக்கு அவள் குரல் மறக்கவில்லை. பொன்னம்மாளும் சொல்லிப் பார்த்தாள், வரலட்சுமியும் சொல்லிப் பார்த்தாள், கால் அசையவில்லை. தாட்சாயிணி சொன்னால் மட்டும் அசைந்தது.

எல்லாம் சரியாக வந்தது, வாசற்படி ஒன்றைத் தவிர. அவர்கள் வீட்டு நிலைப்படி முழங்காலுக்குப் பாதி உயரம். அதை மிதிக்கவும் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும். வலது காலை முதலில் தாண்ட வைத்தால் அந்தக் கால் உடம்பைத் தாங்காமல் மடங்கிவிடும். இடது காலை முதலில் வைத்துத் தாண்டினால் சமாளித்துவிடுவார். அதனால் படிக்கு முன்னால் வந்ததும் எண்ணிக்கையை நிறுத்திவிட்டு, வலது பக்கம் ஒட்டி நின்றுகொண்டு, "எடது காலை எடுத்து வை மாமா" என்பாள். அவர் "செரி" என்பார், வைப்பார். ஒரு நாளைக்கு நாலு தடவை.

பொன்னம்மாளுக்கு வயிறு எரிந்தது. தினமும் ஒரு ஆம்பிளை இடது காலை வைத்து வீட்டுக்குள் வருவதா? மூதேவியை வெற்றிலைபாக்கு வைத்து அழைக்கிற மாதிரி இருக்கிறதே என்றாள். அப்படியானால் நிலைப்படியையே அறுத்துவிடலாம் என்று தாட்சாயிணி தச்சன் மதுரைவீரனைக் கூட்டிவந்தாள். அவன் ரம்பத்தைக்கூட வெளியே எடுக்கவில்லை, பொன்னம்மாள் போய்ப் படியின்மேல் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"மஞ்ச குங்குமம் வச்சி கும்புட்ற படி. அதை அறுத்தா குடியே அறுந்துபூடும். கல்யாணத்துக்குப் பொண்ணு கீது ஊட்ல, அதை நெனச்சிப் பாத்தியா?"

பெண்ணைச் சொன்னதும் தாட்சாயிணி அடங்கிவிட்டாள். எந்தத் தாய்தான் அடங்க மாட்டாள்? ரம்பம் பைக்குள்ளேயே திரும்பிப் போயிற்று.

வைகாசியில் நசரத்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தேவராஜ், சாதுவான பையன், சொந்தமாக மாட்டுவண்டி வைத்திருந்தான். அவன் தாய் சொர்ணம் எல்லாவற்றையும் பார்த்தாள், எதையும் விடவில்லை. உலகநாதன் இடது காலை வைத்து உள்ளே வந்ததையும் பார்த்துவிட்டாள். முகம் சுண்டிப்போயிற்று. தாட்சாயிணி கையைக் கட்டிக்கொண்டு எல்லாக் கதையையும் சொன்னாள். சொர்ணம் கேட்டுவிட்டு, பெண் பிடித்திருக்கிறது, ஆனால் கல்யாணம் எங்கள் வீட்டில் நடக்கும், எங்கள் வாசலில் மட்டும் அவரை அப்படி அழைத்துவராதீர்கள் என்றாள். தாட்சாயிணி ஒத்துக்கொண்டாள். பந்தலிலேயே உட்காரவைத்துவிடலாம், வாசலுக்கே போக வேண்டாம்.

ஆவணியில் கல்யாணம். வண்டியில் வைக்கோல் பரப்பி அதில் அவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோனாள். பந்தலில் பெஞ்சுப் பலகையில் உட்காரவைத்து, அவருக்கு வலது பக்கம் தானும் உட்கார்ந்துகொண்டாள். மணப்பெண்ணின் தாய்க்கு ஆயிரம் வேலை இருக்கும். யாரெல்லாமோ கூப்பிட்டார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. தாரை வார்க்கும்போது அவர் இடது கையை நீட்டினார், அவள் கீழே தாங்கிக்கொண்டாள். சாப்பாட்டுப் பந்தியில் உட்காரவில்லை. யாராவது குழந்தை ஓடிவந்து அவர்மேல் மோதிவிடுமோ, சிந்திய ரசத்தில் தடி வழுக்கிவிடுமோ என்று ரெண்டு நாள் பச்சைத் தண்ணீரும் இறங்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. பத்திரமாக வீடு திரும்பி அவரைக் கட்டிலில் உட்காரவைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. கண்டம் தாண்டிவிட்டது என்று பொன்னம்மாளிடம் சொன்னாள்.

மூன்றாம் நாள் மறுவீடு. பெண்ணும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். காலையிலிருந்தே உலகநாதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டிச் சத்தம் எது கேட்டாலும் தாட்சாயிணியின் முந்தானையைப் பிடித்து இழுத்து வாசலைக் காட்டினார். பெண்ணை நின்றுகொண்டு வரவேற்க வேண்டுமாம். அந்த ஆசைக்கு மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எண்ணி எண்ணி வெளியே அழைத்துவந்து, நிலையை ஒட்டிச் சுவரில் சாய்த்து, இடது கையில் தடியைக் கொடுத்து நிற்கவைத்தாள். வேட்டி மடிப்பைச் சரிபார்த்தாள். பாதத்தைத் துணியால் துடைத்தாள். நான் சொல்லாமல் அசையக் கூடாது என்றாள். "செரி," என்றார்.

வண்டி வந்தது. வரலட்சுமி மாலையோடு இறங்கினாள், கூடவே தேவராஜும் சொர்ணமும். ஆரத்தி எடுக்க ஒத்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு நாகவல்லி, குழந்தைக்கு ஜுரமென்று வரவில்லை. பொன்னம்மாள் தட்டைத் தொடக் கூடாது, கைம்பெண். தம்பி மகள் வரும்போது எதிரில்கூட வராமல் உள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தட்டை அவள் பிடித்திருந்தால் ஆகாதா? என்ன குடி முழுகியிருக்கும்? ஆனால் அப்படியொரு எண்ணம் அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும், தாட்சாயிணிக்கும்கூட, வரவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர்த் தட்டை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தாட்சாயிணி நிலைக்கு உள்பக்கம் வந்து நின்றாள். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவள் அவருடைய வலது பக்கத்தில் இல்லை.

மூன்று சுற்றுச் சுற்றினாள். தட்டில் விரலைத் தோய்த்து இருவர் நெற்றியிலும் பொட்டு வைத்தாள். வரலட்சுமி தலை குனிந்து மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கழுத்தில் புதுத் தாலி. பார்த்ததும் தாட்சாயிணிக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது. எல்லாத் தாயும் சொல்லுவதை, அவளுடைய தாய் அவளுக்குச் சொன்னதை, அந்த வாசலில் நின்று வாயாரச் சொன்னாள்.

"வலது காலை எடுத்து வச்சி உள்ள வா."

"செரி."

அந்தச் சொல் வரலட்சுமியின் வாயிலிருந்து வரவில்லை. தாட்சாயிணிக்கு அது புரிவதற்குள் தடி ஒரு தட்டுத் தட்டியது. அவர் சுவரை விட்டுத் திரும்பிவிட்டார். இடுப்போடு சேர்த்து அந்தச் செத்த காலை வீசித் தூக்கி, நிலைப்படியைத் தாண்டி உள்ளே வைத்துவிட்டார். பதினோரு மாதமாக அந்தக் கால் அவ்வளவு உயரம் எழும்பியதில்லை. அவர் முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மேலே மரத்தில் நின்று அடுத்த எண்ணிக்கைக்குக் காத்திருக்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை. தாட்சாயிணி தட்டைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். முழங்கால் மடங்கி, நிலைப்படியின் விளிம்பில் வலது இடுப்பு பட விழுந்தார். ஆரத்தித் தண்ணீர் அவர் வேட்டியெல்லாம் தெறித்தது. ரத்தம் என்று சொர்ணம் அலறினாள். ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. இருந்திருந்தால் தேவலை.

கம்பவுண்டர் ஜேசுராஜ் வந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். வலது கால் இடதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. அவர் போர்வையை மறுபடி இழுத்துவிட்டார். தாட்சாயிணி அவர் வாயைப் பார்த்தாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். நாலு நாள் கழித்துப் பொன்னம்மாள் தானே போய் மதுரைவீரனைக் கூட்டிவந்தாள். நிலைப்படியைத் தரைமட்டத்துக்கு அறுக்கச் சொன்னாள். அவன் அறுக்க அறுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து மரத்தூளை முந்தானையில் அள்ளிக்கொண்டு அழுதாள். தாட்சாயிணி அவளைத் தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. தாண்ட வேண்டியவர் கட்டிலில் கிடந்தார். வீடு முழுக்க ரம்பச் சத்தம் கேட்டது.

கயிற்றை அவிழ்க்க அவளுக்கு மனசு வரவில்லை. கட்டிலிலிருந்து கொல்லை வரைக்கும் அது அப்படியே தொங்கியது. தினமும் காலையில் அவருக்கு உடம்பு துடைத்து, புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டி, வாய் துடைத்துவிடுவாள். பிறகு வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் காதோரம் குனிந்து, அதே விஷயத்தை மறுபடியும் சொல்லுவாள். கேட்டால் மன்னிப்பாரா, கேட்டாரா, கேட்டது புரிந்ததா, எதுவும் அவளுக்குத் தெரிய வழியில்லை. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நான் உன்னைச் சொல்லல மாமா. பொண்ணைச் சொன்னேன்."

அவர் அவள் முகத்தையே பார்ப்பார்.

"செரி," என்பார்.